அரைப் பை மூச்சு

இந்தக் காலத்தில் எவனும் ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை. காளியண்ணனுக்கு எந்தப் பேச்சை எடுத்தாலும் அந்தக் கோபத்தில்தான் போய் முடியும். கிளினிக்கில் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே "எங்கே வலி" என்கிறான். வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண் நம்பரைக் கூப்பிடுகிறாள். பேரைக் கூப்பிட்டால் வாய் தேய்ந்துவிடும் போலிருக்கிறது. பெற்ற மகள் ராவாங் டவுனிலிருந்து வந்தால், செருப்பைக் கழற்றும்போதே கைப்பேசியைப் பார்த்து யாரிடமோ சிரிக்கிறாள். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணி அம்மாவையும் அக்காவையும் இழுத்துத்தான் திட்டுவான். ஆனால் முகத்தைப் பார்த்துத் திட்டுவான்.

வரவர வீட்டுக்குள்ளும் அது வந்துவிட்டது. சின்னத்தாய் அவரை வாய்விட்டுக் கூப்பிடுவதை நிறுத்தி ஆறேழு மாதம் ஆயிற்று. முன்பெல்லாம் சோறு வெந்ததும் பின்வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பாள். ஏழு வீடு தள்ளி, தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோர் சன்னாசி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற காளியண்ணனுக்குக் கேட்கும். செம்பனைக் காட்டில் நிரைக்கு நிரை கத்திப் பேசிப் பழகிய தொண்டை அது. இப்போது தட்டில் கரண்டியால் இரண்டு தட்டு. டங், டங். கோழியைக் கூப்பிடக்கூட வாயால் ஒரு சத்தம் உண்டு.

"நான் என்ன நாயா, தட்டுல தட்டிக் கூப்புடுற?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டார். அவள் லேசாகச் சிரித்தாள். கிழவிக்குத் திமிர் வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடிதம் வந்த சனிக்கிழமையும் அப்படித் தட்டித்தான் கூப்பிட்டாள். தஞ்சோங் காராங் பக்கம் அறுப்பு முடிந்து வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். இரண்டு நாளாக அங்கிருந்துதான் காற்று. கொடியில் கிடந்த துணியெல்லாம் புகை வாடை. சுங்கை செம்பிலாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற மீன்காரனிடம் வாங்கிய கருவாடும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அந்தக் குழம்புக்குத் தேங்காய் துருவ அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நாலு இழு இழுப்பாள், நிறுத்துவாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், மறுபடி நாலு இழு. ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை என்பது காளியண்ணனுக்குத் தெரியும். அதனால் இன்னும் எரிச்சல்.

மகள் உஷாராணி வந்திருந்தாள். ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாக வேலை. மலாய், இங்கிலீஷ் எல்லாம் சரளம். கடித உறையைக் கிழித்து நின்றவாக்கில் படித்தாள்.

"அம்மா, மூச்சு டெஸ்ட்டு ரிசல்ட்டு வந்துருச்சு. ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையாம். இப்போதைக்கு வேற டெஸ்ட்டு எதுவும் வேணாமாம்." கண் இன்னும் கீழே இறங்கியது. "சிகரெட்ட மட்டும் உடனே நிறுத்தச் சொல்றான்."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த சின்னத்தாயின் கை அப்படியே நின்றது.

"என்னாது?"

"சிகரெட்டு அம்மா. கறுப்பு எழுத்துல பெருசா போட்டிருக்கான். எப்பலேர்ந்து புடிக்கிறீங்க? எங்கிட்ட சொல்லவே இல்லியே." உஷாராணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை. கருவாட்டில் முள்ளே இல்லாத இடத்தில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் சிரிப்பு நின்றது.

"அது ஒங்கப்பன் மூச்சு," என்றாள் சின்னத்தாய்.

நடந்தது இதுதான். தைப்பூசம் கழிந்த வாரம், புக்கிட் மெலாவிஸ் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு ஒரு வெள்ளை வேன் வந்தது. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர், எல்லார் மூஞ்சியிலும் முகமூடி. தோட்டத்தில் களைக்கு மருந்து அடித்த பெண்களின் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று மூச்சைப் பிடித்துப் பார்க்கப் போகிறார்களாம். ஊசி இல்லை, இரத்தம் இல்லை. வெறும் வயிற்றோடு வந்து, பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, ஒரு குழாயில் ஊத வேண்டும். முதலில் வருகிற காற்று வெளியே போய்விடும், அடி நெஞ்சிலிருந்து கடைசியாக வருவதுதான் பளபளவென்றிருக்கிற பைக்குள் போய் நிற்கும் என்று ஒரு பெண் விளக்கினாள். பை நிறைந்தால் ஒரு பச்சை விளக்கு எரியும். ஆட்கள் உள்ளே வருவதற்கு முன்பே மண்டபத்துக் காற்றை ஒரு பையில் தனியாகப் பிடித்து மூடி வைத்தார்கள்.

"ஆளே ஊதாத காத்த எதுக்குலா புடிக்கிறான்?" என்று காளியண்ணன் கேட்டார்.

"அது மாரியாத்தா மூச்சு. அவளுக்கும் ரிசல்ட்டு குடுப்பான்," என்றார் சன்னாசி.

சின்னத்தாய் இருபத்தாறு வருடம் மருந்து அடித்தவள். முதுகில் தொட்டி, ஒரு கை பம்பில், ஒரு கை குழாயில். மூக்குக்குக் கட்ட ஒரு துணி கொடுத்திருந்தார்கள். வெயிலில் அதைக் கட்டினால் மயக்கம் வரும், கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் ஆளுக்கு ஒரு போத்தல் கொடுத்து மூத்திரம் கேட்பார். எதற்கு என்று சொன்னதில்லை. ரிசல்ட் சரியில்லை என்றால் மட்டும் மறுநாள் பெயர் வேறு வேலைக்கு மாறியிருக்கும், கால்வாய் வெட்டவோ உரம் தூக்கவோ. மருந்துக்கென்று கிடைக்கிற மேல்கூலி போய்விடும். அதனால் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கல்யாணமாகிப் புதிதாக வந்த லீலாவதி, கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. அவள் ஒருத்தி கக்கூஸுக்குப் போனால் எட்டுப் போத்தல் நிறையும். அந்த வருடம் எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி நல்ல ரிசல்ட் வந்தது. டிரஸர் எல்லாரையும் கூப்பிட்டுப் பாராட்டினார்.

பழக்கம் எங்கே போகும்? மண்டபத்தில் சின்னத்தாய் முதல் தடவை ஊதினாள், இருமல் வந்தது. இரண்டாம் தடவையும் பாதியில் இருமல். வரிசையில் பின்னால் பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையைப் பற்றி விளக்கிய அந்தப் பெண் "பரவால்ல ஆண்ட்டி, வேற குழா எடுத்துட்டு வரேன்" என்று வேனுக்குப் போனாள். சின்னத்தாய் பையைக் காளியண்ணன் பக்கம் தள்ளினாள். அவருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டிய நெஞ்சு. குனிந்து ஒரே மூச்சில் ஊதினார். பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பெண் திரும்பி வந்து "வெரி குட் ஆண்ட்டி" என்றாள். விளக்கைப் பார்த்துச் சொன்னாள்.

"பை நெறயல. நாலு பேரு பாக்குறான். ஊதிக் குடுத்தேன்," என்றார் காளியண்ணன், இப்போது மகளிடம்.

உஷாராணி நாற்காலியில் உட்கார்ந்தாள். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்மான்னு நான் கேட்டப்பெல்லாம் என்னா சொன்னீங்க? மூச்சு டெஸ்ட்டு ரிசல்ட்டு வரட்டும்னீங்க. அஞ்சு மாசம்பா. அஞ்சு மாசமா அம்மா இருமிக்கிட்டு இருக்காங்க, நானும் ரிசல்ட்டு வரட்டும், வரட்டும்னு உக்காந்துருக்கேன்."

"அந்த மெஷினு என்னா மெஷினு? ஆம்பள மூச்சுக்கும் பொம்பள மூச்சுக்கும் வித்தியாசம் தெரியல."

"தெரிஞ்சிருக்கேப்பா. சிகரெட்டுன்னு கரெக்ட்டா சொல்லிருச்சே."

"அது என் சட்டைப் பையில பொட்டிய பாத்துருப்பாங்க. பாத்துட்டு எழுதியிருப்பாங்க."

"ஒங்க சட்டைய பாத்து அம்மா பேருல ஏன் எழுதுறாங்க?"

பதில் இல்லாதபோது அவருக்குச் சத்தம் கூடும். "ஏன்னா அவனுங்களுக்கு ஆளு முக்கியம் இல்ல, பேப்பரு முக்கியம். அன்னிக்கி டிரஸரு, இன்னிக்கி இவனுங்க." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். சின்னத்தாய் பேச வாயைத் திறந்தாள். இருமல் முந்திக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உஷாராணி முதுகைத் தடவிவிட்டாள். இருமல் நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று காளியண்ணன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நின்று கேட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதே வேன் இரண்டாம் சுற்றுக்கு வரும் என்று கோயில் கதவில் தாள் ஒட்டியிருந்தது. உஷாராணிக்குக் காலை வேலை; விடியும் முன்பே கிளம்பிவிட்டாள். போகும்போது, "நீங்களே போய்ச் சொல்லுங்கப்பா. சண்ட போடாம சொல்லுங்க," என்றாள்.

ஒன்பது மணிக்குச் சின்னத்தாயை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். மண்டபத்தில் பெண்கள் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வெறும் வயிறு, பேச்சு மட்டும் குறையவில்லை. யாருக்கும் காப்பி கொடுக்கக் கூடாது என்று சன்னாசி காவல் நின்றார்.

"யோவ் காளி, ஒனக்கும் ஊதணும்னு ஆசையா? மருந்து அடிச்சவங்களுக்கு மட்டும்தான்லா. செம்பனக் கொல வெட்டுனவனுக்கெல்லாம் மூச்சே கெடயாது."

"தள்ளு மண்டோரே."

மேசையில் அன்றைக்குக் குழாய் எடுக்கப் போன அதே பெண்தான் இருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். நித்தியா என்று கழுத்து அட்டையில் எழுதியிருப்பதாகச் சன்னாசி படித்துச் சொன்னார். காளியண்ணன் கடிதத்தை அவள் முன்னால் போட்டார்.

"இது யாரு மூச்சும்மா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். "சின்னத்தாய் ஆண்ட்டியோடது அங்கிள். நல்ல ரிசல்ட்டுதானே."

"எங்க சின்னத்தாயி சிகரெட்டு புடிக்கிறத நீ பாத்தியா?"

"ஃபாரத்துல புடிக்க மாட்டேன்னு சொல்லியிருந்தாங்க. டெஸ்ட்டுல இருக்குன்னு வந்துச்சு. சில ஆண்ட்டிங்க வெளிய சொல்ல வெக்கப்படுவாங்க, அதனால..."

"அதனால எம் பொண்டாட்டிய பொய்க்காரின்னு முடிவு பண்ணிட்ட."

"அப்படி இல்ல அங்கிள்."

"நாப்பத்தெட்டு வருசம் அவகூட குடும்பம் பண்றேன். வெத்தலகூட வாயில வச்சதில்ல அவ. ஒரு வார்த்த வந்து, ஏன் ஆண்ட்டி இப்படி வந்துருக்குன்னு கேட்டியா? போன் நம்பரு வாங்கினியே, எதுக்கு வாங்கின? அது என் மூச்சு. நான் ஊதுனேன். நீ குழா எடுக்கப் போனப்ப நான் ஊதுனேன்."

நித்தியா கையில் இருந்த பேனாவை மூடினாள். அவள் ஏதோ சொல்ல வருவதற்குள் வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். லீலாவதி. அவளுக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது.

"இதுக்கா இவ்ளோ சத்தம்? எனக்கு எம் மருமவ விமலா ஊதுனா."

"எனக்கு எம் மவன்," என்றாள் இன்னொருத்தி.

"அடிப்பாவி லீலா," என்றார் சன்னாசி. "ஊருக்கே ரொப்பிக் குடுத்தவ நீ. ஒனக்கே ஆளு வேணுமா?"

பெண்கள் சிரித்தார்கள். சிரித்ததில் மூன்று பேருக்கு இருமல் வந்தது. நித்தியா எழுந்து நின்றாள்.

"எத்தன பேருங்க? உண்மைய சொல்லுங்க. போன தடவ வேற ஆளு ஊதினது எத்தன பேரு?"

முதலில் ஒரு கை. பிறகு இன்னொன்று. இருபத்திரண்டு பேரில் ஏழு கைகள் எழுந்தன. ஏழாவது கை நெடுநேரம் கழித்து எழுந்தது.

அவள் முகமூடியைக் கழற்றி மேசையில் போட்டாள். சின்ன முகம். மூக்கின் மேல் முகமூடி அழுத்திய கோடு. அழப்போகிறாள் என்று காளியண்ணன் நினைத்தார். அவள் அழவில்லை.

"ஏன் ஆண்ட்டி இப்படி பண்ணீங்க? நாங்க கம்பெனி ஆளு இல்ல. ஒங்க வேலைய எடுக்க வரல. எங்க பெரியம்மா பத்தாங் காலி தோட்டத்துல மருந்து அடிச்சவங்க. என்னா நோயின்னே தெரியாம செத்தாங்க. அதுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன்."

"வந்தவங்க எல்லாரும் கம்பெனி ஆளு இல்லன்னுதான் சொன்னாங்க," என்றாள் லீலாவதி. இப்போது அவள் சிரிக்கவில்லை.

"அது போவட்டும்," என்றார் காளியண்ணன். "இந்த லெட்டர பாத்துட்டு எம் பொண்டாட்டிக்கு ஒண்ணும் இல்லன்னு நாங்க வீட்டுலயே உக்காந்துருந்தா? அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"இது ஆராய்ச்சி அங்கிள். டாக்டர் செக்கப் இல்ல. இருமல், எளப்பு இருந்தா கிளினிக்குக்குப் போகணும்னு நீங்க ஒத்துக்கிட்ட ஃபாரத்துலயே எழுதியிருக்கு."

"என்னா பாஷையில?"

"மலாய். இங்கிலீஷ்."

"யாருக்குப் படிச்சுக் காட்டின?"

"அன்னிக்கி கூட்டம் அதிகம். கொஞ்சம் வேகமா..."

"கைநாட்டு மட்டும் மெதுவா வாங்கின. வெரல புடிச்சு, அமுக்கி, தொடச்சுவிட்டு, அழகா வாங்கின."

நித்தியா அந்தக் கடிதத்தை எடுத்து மடித்தாள். பிறகு, "சரி அங்கிள். அது எங்க தப்பு," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் கண் அவரை விட்டு நகரவில்லை. "படிச்சுக் காட்டியிருக்கணும். சிகரெட்டுன்னு வந்தப்ப நான் போன் பண்ணிக் கேட்டிருக்கணும். ஆனா நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளுங்க. ஆண்ட்டியால ஊத முடியலன்னு அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருந்தா, பையும் வேணாம் மெஷினும் வேணாம், நேரா ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருப்பேன். பை நெறயாததுதான் ரிசல்ட்டு. அத நீங்க ரொப்பிட்டீங்க."

காளியண்ணனுக்குக் காது சூடாகியது. கையை ஓங்கவில்லை, ஆனால் கை எங்கே போவதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது. "என்னையே குத்தம் சொல்லுறியா?" என்றார். "நான் வச்சுக் காப்பாத்துறவன். என்னையே?"

டொக், டொக்.

பின்னால் சின்னத்தாய், நாற்காலியின் கையில் விரல் முட்டியால் தட்டினாள். எல்லாரும் திரும்பினார்கள்.

"நா ஊதுறேன்," என்றாள். "சும்மா இருங்க."

காளியண்ணன் ஒதுங்கி நின்றார். நித்தியா புதிய பை ஒன்றை எடுத்தாள், குழாயைப் பொருத்தினாள். இந்தத் தடவை மேசைக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து சின்னத்தாய்க்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். "மெதுவா ஆண்ட்டி. வெளக்க பாக்காதீங்க. என்னைய பாருங்க. வர்றது போதும்."

சின்னத்தாய் ஊதினாள். கழுத்து நரம்பு இரண்டும் கயிறு மாதிரி எழுந்து நின்றன. தோளெலும்பு மேலே ஏறியது. பையின் ஒரு மூலை மெல்ல உப்பியது. நின்றது. இருமல் வந்தது, குழாயை எடுத்துவிட்டு இருமினாள். யாரும் சிரிக்கவில்லை. லீலாவதி எழுந்து வந்து அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். சின்னத்தாய் மறுபடி ஊதினாள். பச்சை விளக்கு எரியவில்லை.

"அவ்ளோதாம்மா... வருது."

"போதும் ஆண்ட்டி. இதான் ஒங்களோடது."

நித்தியா பையை மூடி மேசை மேல் வைத்தாள். பாதிகூட இல்லை. கீழ்ப்பாதி தொய்ந்து, மடிந்து கிடந்தது. காளியண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ஆளின் மூச்சை இப்படித் தனியாக எடுத்து வைத்து அவர் பார்த்ததில்லை. இவ்வளவு காற்றை வைத்துக்கொண்டுதான் அவள் தேங்காய் துருவினாள், சோறு வடித்தாள். ஏழு வீடு தள்ளிக் கேட்கிற மாதிரி இதில் எங்கே கூப்பிடுவது.

நித்தியா ஒரு தாளில் எழுதினாள். எழுதியதைத் தமிழில் சத்தமாகப் படித்துக் காட்டினாள், ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து. நாளைக்கே, திங்கட்கிழமை காலையில், ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். இந்தத் தாளை முதலில் காட்ட வேண்டும். காத்திருக்கச் சொன்னால் இந்த நம்பருக்குப் போன் அடிக்க வேண்டும். படித்து முடித்து, "புரிஞ்சுதா அங்கிள்?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"படத்துல தெரியறதா தெரியட்டும்," என்றார். "இந்தப் பையில ஒண்ணும் தெரியாது. நாடு பூரா வைக்கோலு பொகை. இதுல யாரு மூச்சு, யாரு பொகைன்னு என்னாத்த கண்டுபுடிப்ப?"

"அதுக்குத்தான் மண்டபத்துக் காத்தையும் தனியா புடிச்சு வச்சிருக்கோம் அங்கிள். அத கழிச்சுட்டுதான் பாப்போம்."

மேசையைச் சுற்றி, கை தூக்கிய மற்ற ஆறு பெண்களும் வந்து நின்றுகொண்டார்கள். ஒருத்தி, "எனக்கும் நெறயலன்னா எழுதிக் குடுப்பியா?" என்று கேட்டாள். சின்னத்தாய் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, எழுந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டிருந்தாள். லீலாவதி அவளுக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"மோட்டார் சைக்கிள எடுத்துட்டு வரேன்," என்று காளியண்ணன் வெளியே வந்தார்.

வெயில் ஏறியிருந்தது. புகை செம்பனை மரங்களின் இடுப்பளவுக்கு நின்றது. நடந்துகொண்டே சட்டைப் பையிலிருந்து சிகரெட்டுப் பெட்டியை எடுத்தார். ஒன்றை உருவப்போனார், நிறுத்தினார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்புப் பெட்டி. தைப்பூசம் கழிந்த அந்த வாரம் அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, மெல்லிய துணி. உள்ளே சிவப்பு நன்றாகவே தெரிந்திருக்கும். பார்த்திருப்பாள். பார்க்காத மாதிரி பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, பிறகு எங்கேயோ எழுதி, பேரை மாற்றிப் போட்டுவிட்டிருப்பாள். காற்றில் சிகரெட்டு தெரியுமாம். யாரிடம் விடுகிறார்கள் கதை.

பெட்டியைக் கால்சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் பையே இல்லாத சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும். அங்கே எதையாவது ஊதச் சொன்னால், பெட்டி யார் கண்ணிலும் படாமல் அவரும் ஒன்று ஊதிப் பார்ப்பார். அப்போது தெரிந்துவிடும் இவர்கள் வண்டவாளம் என்று சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார்.